ஒன்பதாம் வகுப்பிலிருந்து கல்லூரி முதல் செமஸ்டர் வரை: அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் துணைநிற்க விரும்புவோருக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வரும் மே மாதத்தில்தான் பலருக்கும் உதவி செய்யும் ஆர்வம் வருகிறது. "எந்த கோர்ஸ் எடுக்கலாம் சார்?" என்று பிள்ளைகள் கேட்பதும் அப்போதுதான். ஆனால் அதற்குள் முக்கால்வாசி விஷயம் முடிவாகிவிட்டிருக்கும். கணக்கு இல்லாத குரூப்பில் படித்த பிள்ளை பொறியியல் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது? ஆதாரில் ஒரு பெயர், மார்க் ஷீட்டில் ஒரு பெயர் என்று வந்து நிற்கும் பிள்ளையை, விண்ணப்பத்தின் கடைசி நாளில் எந்த அலுவலகத்துக்கு அழைத்துப் போவது?

கல்லூரிக்குப் போகாமல் நின்றுவிடும் பிள்ளைகளில் பலர் மார்க் குறைந்ததால் நிற்பதில்லை. சான்றிதழ், கடைசித் தேதி, தப்பான குரூப், பஸ் வசதி, வீட்டில் இருக்கும் பயம், இப்படி ஏதோ ஒன்றில் மாட்டிக்கொண்டுதான் நிற்கிறார்கள். இவை எல்லாமே முன்கூட்டித் தெரிந்தால் சரிசெய்யக்கூடியவை. அதற்கு ஒன்பதாம் வகுப்பிலேயே அந்தப் பிள்ளைகளோடு சேர்ந்துகொள்ள வேண்டும். கல்லூரி முதல் செமஸ்டர் முடியும்வரை, மொத்தம் நாலரை ஆண்டுகள், அதே பிள்ளைகளோடு இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு நாள் மண்டபத்தில் நடத்தும் வழிகாட்டி முகாமால் இதைச் செய்ய முடியாது.

விருத்தாசலம் பக்கம் நாங்கள் சிலர் சேர்ந்து செய்துவரும் வேலை இது. அதனால் உதாரணங்களும் அந்தப் பக்கத்தவையாகவே வரும். உங்கள் ஊருக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள். அரசுத் திட்டங்களின் தொகையும் தகுதியும் அவ்வப்போது மாறும், எனவே ஒவ்வொரு ஆண்டும் அந்த ஆண்டின் அறிவிப்பைப் படித்துவிட்டே பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

தொடங்கும் முன்

முதலில் ஆட்கள். நாலைந்து பேர் போதும். ஆனால் அதில் இரண்டு பேராவது ஐந்து ஆண்டுகள் ஊரில் இருப்பவர்களாக இருக்க வேண்டும். ஒருவர் ஆன்லைன் விண்ணப்பம், சான்றிதழ் வேலைகளில் பொறுமை உள்ளவராக இருக்கட்டும். குழுவில் ஒரு பெண்ணாவது கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் தொடங்க வேண்டாம் என்பேன். பெண் பிள்ளைகள் வீட்டு நிலவரத்தை மனம்விட்டுப் பேசுவது அவரிடம்தான்.

அடுத்து பிள்ளைகள். பதினைந்திலிருந்து இருபது பேருக்கு மேல் எடுக்காதீர்கள். முதல் மூன்று ரேங்க் வாங்குபவர்களை மட்டும் பொறுக்கி எடுப்பதும் வேண்டாம். அவர்களை ஆசிரியர்களே கவனித்துக்கொள்வார்கள். மாவட்டத்துக்கு ஒன்றாக அரசு நடத்தும் மாதிரிப் பள்ளியில் சேரும் வாய்ப்பும் அவர்களுக்கு உண்டு. நூற்றுக்கு ஐம்பது, அறுபது என்று எடுத்துக்கொண்டு, வகுப்பில் யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள்தான் நம் வேலைக்கு உரியவர்கள். ஒரு சின்னத் தள்ளல் கிடைத்தால் கல்லூரிக்குப் போவார்கள். கிடைக்காவிட்டால் துணிக்கடைக்கோ கேட்டரிங் வேலைக்கோ போய்விடுவார்கள்.

பள்ளித் தலைமையாசிரியரைச் சந்தித்து, என்ன செய்யப் போகிறீர்கள் என்று எழுத்தில் கொடுத்து அனுமதி வாங்குங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் போய்ச் சொல்லுங்கள். அதில் பெற்றோர், உள்ளாட்சி உறுப்பினர், முன்னாள் மாணவர் எல்லோரும் இருப்பார்கள். ஊருக்கு விஷயம் அங்கிருந்துதான் பரவும். சந்திக்கும் இடம் நூலகமாகவோ பள்ளியாகவோ, நாலு பேர் வந்துபோகும் பொது இடமாக இருக்கட்டும். யாருடைய வீடும் வேண்டாம். எந்த நேரமும் பெரியவர்கள் இரண்டு பேர் உடனிருக்க வேண்டும். பிள்ளைகளின் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடக் கூடாது. இந்த மூன்றையும் முதல் நாளே எழுதி, குழுவில் எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்.

கடைசியாக, பிள்ளைக்கு ஒரு பைல். முதல் பக்கத்தில் ஒரு தாள்: பிள்ளையின் பெயர் ஆதாரில், பள்ளிப் பதிவில், சாதிச் சான்றிதழில், வங்கிக் கணக்கில் எப்படி எழுதியிருக்கிறது என்று நான்கு வரிகள். கீழே பிறந்த தேதி, அப்பா அம்மா பெயர், ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பள்ளிகள். இந்த ஒரு தாளை நிரப்பும்போதே பாதிப் பிள்ளைகளின் பிரச்சினை வெளியே வந்துவிடும். ஒன்றில் 'க. பிரியா' என்றிருக்கும், இன்னொன்றில் 'பிரியா கண்ணன்', மூன்றாவதில் 'பிரியதர்ஷினி'. மூவரும் ஒரே ஆள் என்று நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது.

ஒன்பதாம் வகுப்பு: கணக்கும், வங்கிக் கணக்கும்

இந்த ஆண்டில் கல்லூரியைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். பின்னம், சதவீதம், எளிய சமன்பாடு, ஒரு பத்தியைப் படித்துப் பொருள் சொல்வது ஆகியவற்றை வாரத்துக்கு இரண்டு மாலை உட்கார்ந்து சரிசெய்யுங்கள். ஆறாம் வகுப்பில் விட்ட பின்னம்தான் பத்தாம் வகுப்பு இயற்கணிதத்தில் வந்து காலை வாருகிறது. இதற்கு பி.எட். படித்தவர் தேவையில்லை. கல்லூரியில் படிக்கும் அக்கா ஒருத்தி போதும்.

ஊரகத் திறனாய்வுத் தேர்வு ஒன்பதாம் வகுப்புக்கு உரியது. கிராமப்புறப் பிள்ளைகளுக்கான அந்தத் தேர்வில் மாவட்டத்துக்கு ஐம்பது மாணவர், ஐம்பது மாணவியரைத் தேர்ந்தெடுத்து, பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 1,000 ரூபாய் தருகிறார்கள். பணம் சின்னதுதான். ஆனாலும் தகுதியுள்ள எல்லோரையும் எழுத வையுங்கள். ஓ.எம்.ஆர். தாளில் வட்டத்தை நிரப்புவது, நேரம் பார்த்து எழுதுவது, தெரியாத கேள்வியைத் தாண்டிப் போவது எல்லாம் இங்கே பழகினால் பின்னாளில் எந்தப் போட்டித் தேர்விலும் கை நடுங்காது. எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழித் தேர்வில் தேறியவர்கள் யாராவது இருக்கிறார்களா என்றும் கேளுங்கள். அவர்களுக்கு நான்கு ஆண்டுகளுக்கு மாதம் 1,000 ரூபாய் உண்டு. அதை ஆண்டுதோறும் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் புதுப்பிக்க வேண்டும். தேறிவிட்டுப் புதுப்பிக்காமல் விடுபவர்கள் இருக்கிறார்கள்.

உதவித்தொகை எதுவானாலும் பிள்ளையின் பெயரில் உள்ள, ஆதார் இணைத்த வங்கிக் கணக்குக்குத்தான் வரும். ஒன்பதிலேயே கணக்கைத் தொடங்கிவிடுங்கள். தொடங்கிவிட்டுத் தூங்கவிடக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது நூறு ரூபாய் போட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு முக்கியமான சோதனை. தமிழ்நாடு அரசின் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் மருத்துவப் படிப்புக்கும், 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது இதன் அடிப்படை விதி. இந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேரும் மாணவரின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. நடுவில் ஒரே ஒரு வருடம் "இங்கிலீஷ் மீடியம் நல்லா இருக்கும்" என்று தனியார் பள்ளிக்கு மாற்றினாலும் போயிற்று. இதைப் பெற்றோரிடம் ஒன்பதாம் வகுப்பிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளையை, பிளஸ் ஒன்னுக்குக் கடன் வாங்கித் தனியார் பள்ளியில் சேர்க்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அந்தக் கடனோடு இந்தச் சலுகையும் போய்விடும்.

ஆண்டு முடிவதற்குள் ஒரு நாள் கல்லூரிக்கு அழைத்துப் போங்கள். எங்கள் பிள்ளைகளுக்கு விருத்தாசலம் கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரியும், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும். பேச்சாளர் யாரும் வேண்டாம். வகுப்பறை, லேப், நூலகம், கேண்டீன், விடுதி இவற்றைப் பார்த்தால் போதும். அங்கே படிக்கும் நம் ஊர் அண்ணன் அக்காக்களோடு அரை மணி நேரம் தனியாகப் பேசவிடுங்கள்.

பத்தாம் வகுப்பு: பெயர், சான்றிதழ், குரூப்

நாலரை ஆண்டில் கனமான ஆண்டு எது என்று கேட்டால், பிளஸ் டூ இல்லை, இதுதான் என்று சொல்வேன்.

பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் அச்சாகும் பெயரும் பிறந்த தேதியும் வாழ்நாள் முழுக்கப் பாஸ்போர்ட் வரைக்கும் கூடவே வரும். அது அச்சாகும் முன், பள்ளியில் தேர்வு எழுதுவோரின் பெயர்ப்பட்டியல் தயாராகும். அந்தப் பட்டியல் வந்ததும் பைலை எடுத்துக்கொண்டு போய், ஒவ்வொரு பிள்ளையின் வரியையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்து எழுத்தாகப் பாருங்கள். இனிஷியல் முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா, அப்பா பெயரில் எழுத்து விட்டுப்போயிருக்கிறதா எல்லாம் பார்க்க வேண்டும். இப்போது தலைமையாசிரியர் அலுவலகத்தில் சொன்னாலே திருத்திவிடுவார்கள். மார்க் ஷீட் வந்த பிறகு என்றால், அரசுத் தேர்வுத் துறைக்கு எழுதி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆதாரில் தவறு இருந்தால் அதையும் இதே நேரத்தில் மாற்றி, இரண்டையும் ஒன்றாக்கிவிடுங்கள்.

அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் சான்றிதழ் வேலை. இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டியவை: சாதிச் சான்றிதழ், பிறப்பிடச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ். வருமானச் சான்றிதழை மட்டும் தேவைப்படும் ஆண்டில் புதிதாக எடுக்க வேண்டும். சாதிச் சான்றிதழ் பழைய கையெழுத்து அட்டையாக இருந்தால் கணினிச் சான்றிதழாக மாற்றிக்கொள்ளுங்கள். விண்ணப்பம் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., வட்டாட்சியர் அலுவலகம் என்று போய்த் திரும்பி வரும். சாதாரண மாதத்தில் சீக்கிரம் வந்துவிடும். மே, ஜூனில் மாவட்டமே வரிசையில் நிற்கும்.

முதல் பட்டதாரிச் சான்றிதழைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தாத்தா பாட்டி, அப்பா அம்மா, கூடப் பிறந்தவர்கள் யாரும் பட்டம் பெறாத வீட்டின் பிள்ளைக்கு இது கிடைக்கும். ஒற்றைச் சாளர முறையில் பொறியியல் சேர்பவருக்குக் கல்விக் கட்டணத்தில் சலுகை தருகிறது. அண்ணன் இதே சலுகையில் படித்திருந்தால் தம்பிக்குக் கிடைக்காது. விண்ணப்பிக்கும்போது வீட்டில் எல்லோருடைய படிப்பு விவரத்தையும் கேட்பார்கள். குடும்ப அட்டையையும் எல்லோருடைய மாற்றுச் சான்றிதழ்களையும் தேடி எடுத்து வைத்துக்கொண்டு போனால் ஒரே நடையில் முடியும்.

குரூப் விஷயத்துக்கு வருவோம். பொதுத்தேர்வு முடிந்து ரிசல்ட் வருவதற்குள் இரண்டு சந்திப்பு வையுங்கள், ஒன்று பிள்ளையோடு, ஒன்று பெற்றோரோடு. "நல்லாப் படிக்கிற பிள்ளைன்னா பயோ-மேத்ஸ், சுமாரா படிச்சா காமர்ஸ், படிக்கலைன்னா ஆர்ட்ஸ்" என்ற எண்ணம் ஊரெங்கும் ஊறியிருக்கிறது. நான் இதைக் கடுமையாக மறுப்பவன். குரூப்பை மார்க் முடிவு செய்யக் கூடாது, போக நினைக்கும் இடம்தான் முடிவு செய்ய வேண்டும். பொறியியலுக்குக் கணக்கு, இயற்பியல், வேதியியல் வேண்டும். நர்சிங், மருத்துவம் சார்ந்த படிப்புகளுக்கு உயிரியல் வேண்டும், கணக்கு தேவையில்லை. ஆக, நர்சிங்தான் என்று உறுதியாக இருக்கும் பெண்ணை பயோ-மேத்ஸில் தள்ளினால், தேவையில்லாத பாடம் ஒன்று இரண்டு வருடம் அவள் நேரத்தைத் தின்னும். வணிகவியல் எடுப்பவருக்கு பி.காம்., சி.ஏ., வங்கி வேலை என்று பாதை இருக்கிறது. சட்டம் ஐந்தாண்டுப் படிப்புக்கு எந்தக் குரூப்பும் தடையில்லை. வரலாறு எடுத்துப் படித்து ஆசிரியராகவும் அதிகாரியாகவும் ஆனவர்கள் உங்கள் வட்டாரத்திலேயே இருப்பார்கள். ஒருவரைக் கூட்டி வந்து பேச வையுங்கள். இன்னும் முடிவெடுக்க முடியாமல் தவிக்கும், கணக்கில் பயமில்லாத பிள்ளைக்கு மட்டும் பயோ-மேத்ஸ் பொருத்தம். இரண்டு வாசலும் திறந்திருக்கும்.

பாலிடெக்னிக்கையும் தோற்றவர்களின் இடமாகப் பேச வேண்டாம். பத்து முடித்து மூன்று வருட டிப்ளமோ, அதன்பின் நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டு. கையால் செய்து பார்த்துக் கற்கும் பிள்ளைக்கு இது அருமையான வழி.

ஒரு எச்சரிக்கை. பொதுத்தேர்வு முடிந்த கோடை விடுமுறையில் பையன்கள் வேலைக்குப் போவார்கள். திருப்பூர், சென்னை என்று போய், கையில் வாரச் சம்பளம் பார்த்த பிறகு பிளஸ் ஒன் சேர்க்கைக்குத் திரும்பாதவர்கள் உண்டு. போகாதே என்று சொல்ல நமக்கு உரிமையில்லை, வீட்டுத் தேவை அப்படி. எங்கே, யாரோடு, எந்தத் தேதி வரை என்று எழுதி வைத்துக்கொண்டு, ரிசல்ட்டுக்கு இரண்டு நாள் முன்பு போன் செய்யுங்கள். பெண் பிள்ளைகளின் வீட்டில் கல்யாணப் பேச்சு எழுவதும் இந்தக் கோடையில்தான். பதினெட்டு வயதுக்கு முன் என்றால் அது சட்டப்படி குற்றம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைகள் எல்லோருக்கும் முன்பே மனப்பாடம் செய்ய வையுங்கள்.

பிளஸ் ஒன்

2017-18 முதல் நடந்துவந்த பிளஸ் ஒன் பொதுத்தேர்வை 2025-26 முதல் அரசு நீக்கிவிட்டது. பிள்ளைகளுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது நல்லதே. ஆனால் "பப்ளிக் இல்லையே" என்று பாடத்தை விட்டுவிட்டால், அடுத்த ஆண்டு இயற்பியலும் கணக்கும் புரியவே புரியாது. நீட், ஜே.இ.இ. தேர்வுகளில் பிளஸ் ஒன் பாடமும் சேர்த்துத்தான் கேட்கிறார்கள். அதனால் இந்த ஆண்டு மாலைச் சந்திப்புகள் முழுக்கப் பாடத்துக்கே.

இரண்டு தேர்வுகளை மறக்க வேண்டாம். முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வு அரசுப் பள்ளி பிளஸ் ஒன் மாணவர்களுக்கு. 500 மாணவர், 500 மாணவியர் தேர்வாகி, இளநிலைப் பட்டம் முடியும்வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய் பெறுவார்கள். கேள்விகள் ஒன்பது, பத்தாம் வகுப்புக் கணக்கு, அறிவியல், சமூக அறிவியலிலிருந்து வரும். பழைய புத்தகங்களை எடைக்குப் போட வேண்டாம் என்று பத்தாம் வகுப்பு முடிந்ததுமே சொல்லி வையுங்கள். தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு இன்னொன்று. 1,500 பேருக்கு இரண்டு ஆண்டுகள் மாதம் 1,500 ரூபாய். தமிழில் நன்றாக எழுதும் பிள்ளை இயற்பியலில் தடுமாறிக்கொண்டிருந்தால், இந்தத் தேர்வு அதற்குத் தரும் தெம்பே தனி.

அப்புறம், மின்னஞ்சலும் போன் நம்பரும். பிரவுசிங் சென்டரில் விண்ணப்பிக்கும்போது, பிள்ளையிடம் போன் இல்லை என்று கடைக்காரர் தன் நம்பரையே போட்டுவிடுவார். கெட்ட எண்ணத்தில் இல்லை, அவசரத்தில். அடுத்த மாதம் ஓ.டி.பி. அவருக்குப் போகும், கடை பூட்டியிருக்கும், கலந்தாய்வு நேரம் முடிந்துபோகும். அப்பாவின் நம்பராக இருந்தாலும் ரீசார்ஜ் இல்லாமல் நின்றுவிடும் நம்பர் வேண்டாம். பிள்ளையே தன் கையால் மின்னஞ்சல் தொடங்கி, பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதி, அந்த நோட்டை வீட்டில் சான்றிதழ்களோடு வைக்கட்டும்.

பிளஸ் டூ: ஜூனிலிருந்து மார்ச் வரை

பள்ளி திறந்த முதல் மாதத்திலேயே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பட்டியல் எழுதுங்கள். ஆசைப்படும் படிப்பு இரண்டு, மார்க் ஓரளவு வந்தால் கிடைக்கக்கூடியது மூன்று, எப்படியும் கிடைக்கும் என்பது இரண்டு. ஒவ்வொன்றுக்கும் எதிரே எதன் அடிப்படையில் சேர்க்கை, எப்போது விண்ணப்பம், வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், பஸ் எத்தனை மணிக்கு என்று குறியுங்கள்.

பிளஸ் டூ மார்க்கை மட்டும் வைத்துச் சேரக்கூடியவை ஏராளம்: பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம், நர்சிங், கலை அறிவியல். மருத்துவத்துக்கு நீட். என்.ஐ.டி., ஐ.ஐ.டி.க்கு ஜே.இ.இ. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் போன்ற மத்திய நிறுவனங்களுக்கு 2022 முதல் க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு. இந்தக் க்யூட்டைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு அதிகம் தெரிவதில்லை, சொல்ல வேண்டும். இந்த அகில இந்தியத் தேர்வுகளின் விண்ணப்பம் பிளஸ் டூ ரிசல்ட் வருவதற்கு முன்பே முடிந்துவிடும். ரிசல்ட் பார்த்துப் போட்டுக்கொள்ளலாம் என்றால் நடக்காது. பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகள் மத்திய நிறுவனங்களுக்குத் தனியாக ஓ.பி.சி. சான்றிதழ் எடுக்க வேண்டும். மாநில சாதிச் சான்றிதழ் அங்கே போதாது. ஓ.பி.சி. சான்றிதழ் அந்தந்த நிதியாண்டில் எடுத்ததாகவும் இருக்க வேண்டும்.

பொறியியல் சேர்க்கைக்கான கட்-ஆப் கணக்கைப் பிள்ளைகளே போடப் பழகட்டும். கணக்கு மார்க் முழுதாகவும், இயற்பியல், வேதியியல் மார்க் பாதியாகவும் சேரும். கணக்கு 100-க்கு 78, இயற்பியல் 70, வேதியியல் 74 என்றால் 78-ஓடு 35-ஐயும் 37-ஐயும் கூட்ட வேண்டும், 200-க்கு 150. காலாண்டு, அரையாண்டு மார்க்கை வைத்து இப்படிப் போட்டு, முந்தைய ஆண்டு எந்தக் கல்லூரியில் தங்கள் பிரிவுக்கு எவ்வளவில் முடிந்தது என்று கலந்தாய்வு இணையதளத்தில் பார்க்கச் சொல்லுங்கள். "கணக்கில் இன்னும் பத்து மார்க்" என்பதன் மதிப்பு அப்போது புரியும்.

ஜனவரியில் அம்மா அப்பாக்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள். வர முடியாதவர்களின் வீட்டுக்கு நாம் போக வேண்டும். வேலை முடிந்து குளித்துவிட்டு உட்காரும் நேரமாகப் பார்த்துப் போவது நல்லது. அப்படி ஒரு வீட்டில் நடந்த பேச்சு:

"படிக்க வைக்க மாட்டேன்னு சொல்லல தம்பி. பொம்பளப் புள்ள. சிதம்பரம்னா ராத்திரி எட்டு மணிக்கு பஸ்ஸ விட்டா என்ன பண்ணும்?"

"விடுதி இருக்குண்ணே. அரசாங்க விடுதி, சாப்பாட்டுக்குக் காசு இல்ல. போன வருஷம் நம்ம கிழக்குத் தெரு பொண்ணு அங்கதான் சேர்ந்துச்சு. அது அம்மாவ நாளைக்கு வரச் சொல்லட்டுமா? அண்ணி அவங்ககிட்டயே கேட்டுக்கட்டும்."

"அதுவும் சரி. வரச் சொல்லுங்க."

நாம் எவ்வளவு விளக்கினாலும் அந்த இன்னொரு அம்மா சொல்வதுதான் அங்கே நிற்கும். அதனால் முந்தைய ஆண்டு பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பிய பெற்றோர் ஒருவரையாவது எப்போதும் கூட வைத்துக்கொள்ளுங்கள். பணத்தைப் பற்றிக் கேட்டால் தொகையோடு பதில் சொல்லுங்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், பையன்களுக்கு 2024-இல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை, பட்டம் முடியும்வரை. வருமான வரம்புக்குள் இருப்பவர்களுக்கு பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. உதவித்தொகைகள் தனி. கல்விக் கடன் 4 லட்சம் வரை சொத்து அடமானமோ மூன்றாம் ஆள் ஜாமீனோ இல்லாமல் வங்கிகள் தர வேண்டும். ஆனால் அது திருப்பிக் கட்ட வேண்டிய பணம் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள்.

பிப்ரவரியிலிருந்து விண்ணப்பம், சான்றிதழ் பேச்சை நிறுத்திவிட்டுத் தேர்வுக்கு விட்டுவிடுங்கள். தூக்கம் கெடுகிறவர்கள், பேச்சுக் குறைந்தவர்கள் யார் என்று மட்டும் கவனியுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416, கல்வி தொடர்பான சந்தேகத்துக்கு 14417, இரண்டு எண்களும் பைலின் முதல் பக்கத்தில் இருக்கட்டும்.

மே முதல் ஆகஸ்ட் வரை

வாரம் முழுக்க ஒருவராவது வேலையில்லாமல் இருக்க வேண்டிய காலம் இது. குழுவில் விடுப்பு எடுக்கக்கூடியவர் இப்போது எடுக்கட்டும்.

ரிசல்ட் வந்த வாரமே இரண்டு விண்ணப்பங்கள்: பொறியியல் கலந்தாய்வு, அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பம். பொறியியல்தான் என்று உறுதியாக இருக்கும் பிள்ளையும் கலைக் கல்லூரிக்குப் போட்டு வைக்கட்டும். கட்டணம் குறைவு, பட்டியலில் எப்படியும் கிடைக்கும் இடம் ஒன்று கையில் இருக்கும். நூலகத்தில் லேப்டாப்பை வைத்து, பிள்ளையே தட்டச்சு செய்ய, பக்கத்தில் நாம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நாமே செய்துகொடுத்தால் பத்து நிமிடத்தில் முடியும்தான். ஆனால் அடுத்த நாலு வருடம் உதவித்தொகை விண்ணப்பங்களை அந்தப் பிள்ளை தனியாகப் போட்டாக வேண்டும்.

பொறியியல் கலந்தாய்வில் கல்லூரி விருப்பப் பட்டியல் கொடுப்பதில் பலரும் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். பெரிய கல்லூரியை முதலில் போட்டால் வாய்ப்பு வீணாகும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நம் ரேங்க் வரும்போது, பட்டியலில் மேலிருந்து கீழாகப் பார்த்து, காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கணினி கொடுக்கும். எனவே உண்மையாக எது வேண்டுமோ அந்த வரிசையிலேயே எழுதலாம், நிறைய எழுதலாம். பத்தோடு நிறுத்துவதுதான் ஆபத்து. இடம் ஒதுக்கியதும், ஏற்றுக்கொள்கிறேன் என்றோ, ஏற்றுக்கொண்டு மேலே கிடைத்தால் மாறுகிறேன் என்றோ குறித்த நேரத்துக்குள் உறுதிசெய்ய வேண்டும். அந்த நாட்களில் பிள்ளை பாட்டி வீட்டுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏஜென்ட்டுகளும் இந்தக் காலத்தில்தான் ஊருக்குள் வருவார்கள். "ஸ்காலர்ஷிப் வாங்கித் தர்றோம், ஹாஸ்டல் ப்ரீ, ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டை மட்டும் குடுங்க" என்பார்கள். மாற்றுச் சான்றிதழும் மார்க் ஷீட்டும் கையை விட்டுப் போனால், நல்ல இடம் கிடைத்தாலும் போய்ச் சேர முடியாமல் பிள்ளை திணறும். சேர்க்கையின்போது அசலைச் சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டும், கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவித்திருக்கிறது. கலந்தாய்வு முடியும்வரை அசல் சான்றிதழை யாரிடமும் கொடுக்கக் கூடாது என்று பிள்ளையிடமும் அப்பாவிடமும் அம்மாவிடமும் தனித்தனியாகச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் ஐந்து நகல், ஸ்கேன் செய்த கோப்பு மின்னஞ்சலில் ஒன்று.

தேர்வில் தேறாதவர்களை முதலில் போய்ப் பாருங்கள். ரிசல்ட் அன்று மாலையே. துணைத் தேர்வு ஜூன் இறுதி, ஜூலை வாக்கில் நடக்கும். தேறிவிட்டால் அதே ஆண்டில் கல்லூரி சேர முடியும், பொறியியலிலும் துணைக் கலந்தாய்வு இருக்கிறது. எங்கும் சேராமல் நின்றவர்களுக்காக நான் முதல்வன் திட்டத்தின் கீழ் 'உயர்வுக்குப் படி' முகாம்களை மாவட்ட நிர்வாகம் நடத்துகிறது. கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. சேர்க்கை அங்கேயே நடக்கும். கூட ஆள் போனால்தான் பிள்ளை அந்த வாசலைத் தாண்டும்.

முதல் செமஸ்டர்

சேர்க்கை ரசீது கைக்கு வந்ததும் பலர் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். முதல் மூன்று மாதத்தில் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பும் பிள்ளைகள் உண்டு. தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு வகுப்பு முழுக்க ஆங்கிலமாக இருக்கும். கேட்கவும் கூச்சமாக இருக்கும். சேர்வதற்கு முந்தைய வாரங்களில், அந்தப் படிப்பின் முதல் செமஸ்டர் பாடங்களில் வரும் நூறு கலைச்சொற்களைத் தமிழ்ப் பொருளோடு எழுதிக் கொடுங்கள். பிளஸ் டூ கணக்கும் இயற்பியலும் ஏற்கெனவே தெரிந்தவை, சொல் மட்டும்தான் புதிது என்று கண்டுகொண்டதும் பாதிப் பயம் போய்விடும்.

சேர்ந்த மாதத்திலேயே கல்லூரியில் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன், உதவித்தொகை விண்ணப்பங்களைக் கவனிக்கும் பொறுப்பாளர் யார் என்று கேட்டு, பதிவை முடிக்கச் சொல்லுங்கள். பணம் வரவில்லை என்றால் முதலில் வங்கியில் ஆதார் இணைப்பைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் சிக்கல் அங்கேதான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு போன் போதும். "சாப்பிட்டியா, ரூம்ல யாரு யாரு, எந்த சப்ஜெக்ட் புரியல" என்ற மூன்று கேள்விகள். ஒரு வாரம் எடுக்கவில்லை என்றால் விட்டுவிடலாம், இரண்டாவது வாரமும் எடுக்கவில்லை என்றால் நேரில் போங்கள். அரியர் விழுந்தால் அதை வீட்டில் சொல்லாமல் மறைப்பார்கள். அரியர் எழுதித் தேறிய சீனியர் ஒருவரோடு பேசவிடுங்கள். பொங்கல் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது எல்லோரையும் நூலகத்தில் கூட்டி, செமஸ்டர் மார்க்கைப் பைலில் எழுதி மூடுங்கள். அந்தக் கூட்டத்துக்கே அந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளையும் வரச் சொல்லிவிட்டால், பின்னக் கணக்கு சொல்லித்தர அக்கா ஒருத்தியை அன்றைக்கே பிடித்துவிடலாம்.